கட்டக் காசு உண்டு, காக்கக் காசு இல்லை

சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 2021 டிசம்பர் 27 அன்று காலை, குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து தரைமட்டமானது. அதில் 24 வீடுகள் இருந்தன. கட்டி முப்பது ஆண்டுகூட நிறையவில்லை. சுவரில் விரிசல் ஓடுவதைப் பார்த்தவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லாரையும் வெளியேற்றிவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை. முன்னெச்சரிக்கை வந்தது அங்கு குடியிருந்தவர்களிடமிருந்துதான். எந்த அலுவலகத்துப் பதிவேட்டிலிருந்தும் வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. வாரியக் குடியிருப்பின் மாடியிலிருந்து ஜன்னல் சன்ஷேடு பெயர்ந்து விழுந்ததில் கீழே நடந்து சென்ற இளைஞர் ஒருவர் இறந்தார். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குடியிருப்பு அது. அதன் கம்பிகள் துருவேறிக் கிடப்பது பல ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இப்படி நடக்கும்போதெல்லாம் நாம் ஒப்பந்ததாரரைத் திட்டுகிறோம், இரண்டு பொறியாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம் ஆகிறார்கள், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, பிறகு பேச்சு அடங்கிவிடுகிறது. திருட்டு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் திருட்டே நடக்காத, ஒழுங்காகக் கட்டிய கட்டடமும் இதே கதிக்குத்தான் வந்து சேர்கிறது. ஏனென்றால் பொதுக் கட்டடத்துக்கும் ஏழைகளின் வீட்டுக்கும் நம் மாநிலம் பணம் ஒதுக்கும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. கட்டுவதற்குத் தொகை வருகிறது, கட்டியதைக் காப்பதற்கு வருவதில்லை. இன்று ஊர்தோறும் எழும்பிக்கொண்டிருக்கும் வீடுகளும் கூடங்களும் இதே கணக்கில்தான் எழும்புகின்றன. 2050-க்கு முன்பே அவற்றில் பெரும்பகுதியை நாம் இடிக்க வேண்டிவரும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது.

கான்கிரீட் எப்படிச் சாகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வார்க்கப்பட்ட கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றும் ஈரமும் மெல்ல மெல்ல உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் தீர்ந்துகொண்டே வரும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்து இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துருவான இரும்பு பழைய இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த இடத்துக்காக அது கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளும். முதலில் கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக ஒரு மயிரிழை விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் ஒருநாள் இரவில் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி ஜல்லி. இதற்கு இடையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் இருக்கும். அந்த இடைவெளியில் மொட்டைமாடியின் நீர்க்கசிவை அடைத்து, உடைந்த கழிவுநீர்க் குழாயை மாற்றி, பூச்சைப் பெயர்த்துக் கம்பியைத் தேய்த்து மீண்டும் பூசினால் செலவு கொஞ்சம்தான். விட்டுவிட்டால் முழுக் கட்டடமும் செலவு.

பழைய வாரியக் குடியிருப்பு எதற்கு வேண்டுமானாலும் போய்ப் பின்பக்கச் சுவரைப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய் இணைப்பில் அரசங்கன்று முளைத்திருக்கும். அதை யாரோ ஒருவர் எட்டிய வரைக்கும் வெட்டியிருப்பார், வேர் உள்ளேயே இருக்கும். குழாயைச் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்குப் பாசி. அந்தச் சுவரின் மறுபக்கம் ஒரு வீட்டின் குளியலறை. இணைப்பை மாற்ற ஒரு பிளம்பருக்கு அரைநாள் வேலை. அந்த அரைநாளுக்குப் பொறுப்பானவர் யார் என்பது அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. வீடு வாடகைக்கொள்முதல் முறையில் கொடுக்கப்பட்டது, தவணை சிலர் கட்டி முடித்தார்கள், சிலருக்கு விற்பனைப் பத்திரம் வரவில்லை, சிலர் வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார்கள். வீடு யாருடையது என்றே தெளிவில்லாதபோது பொதுச் சுவரும் பொதுக் குழாயும் எல்லாருக்கும் சொந்தமாகி, யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடுகின்றன.

நகரத்தைவிடக் கிராமத்தில் நிலைமை மோசம். செய்தித்தாளில் வருவது குறைவு, அவ்வளவுதான். தொகுப்பு வீடு என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பட்டியலின மக்களுக்கும் பிற ஏழைகளுக்கும் காலனி காலனியாகக் கட்டிக்கொடுக்கப்பட்ட சிறு கான்கிரீட் வீடுகள். கூரை வீட்டில் தீக்கும் புயலுக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. அதைக் கொடுத்த அரசுகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்று அந்த வீடுகளுக்குள் நுழைந்து மேலே பாருங்கள். தளத்தின் அடிப்பகுதி முழுக்கக் கொட்டி, துருவேறிய கம்பி வலைபோலத் தொங்கும். அதற்குக் கீழே பழைய பிளக்ஸ் பேனரை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டியிருப்பார்கள், விழுவது பிள்ளைகள் மேல் விழாமல் இருக்க. மழைக்காலத்தில் இரவுப் படுக்கை உள்ளே கிடையாது. பக்கத்திலேயே தார்ப்பாய் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கி அதில் படுப்பார்கள். கான்கிரீட் வீட்டுக்குப் பயந்து மீண்டும் கூரைக்கே வந்துவிட்ட குடும்பங்கள் அவை.

இதன் அளவை அரசின் அறிவிப்பே சொல்கிறது. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாய் என்று 2024-இல் அறிவித்தார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில், பழுதுபார்க்கவே முடியாத நிலையில் இருப்பவற்றில் 25,000 வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட 600 கோடி. அதாவது வீட்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். முதல் அறிவிப்பைச் சராசரியாக வகுத்தால் வீட்டுக்கு 80,000 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழுதுபார்க்கும் கட்டத்தைத் தாண்டிவிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று மடங்கு செலவு. அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தால் எண்பதாயிரம்கூடத் தேவைப்பட்டிருக்காது. இந்த இரு திட்டங்களும் வரவேற்க வேண்டியவை. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து ஒருமுறை வரும் திட்டத்துக்குப் பராமரிப்பு என்று பெயர் வைக்க முடியாது.

இடைப்பட்ட காலத்தில் பணம் இல்லாமல் இல்லை. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவது இலக்கு. 2011-இல் ஆட்சி மாறியதும் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி, வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம், ஆண்டுக்கு 60,000 வீடுகள். பிறகு ஒன்றிய அரசின் பெயரிலும் மாநிலத்தின் கூடுதல் பணத்திலுமாகப் பிரதமர் வீடுகள். 2024 முதல் கலைஞரின் கனவு இல்லம். ஒவ்வொரு திட்டமும் முந்தையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கியது. முந்தைய ஆட்சியின் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதில் எந்த ஆட்சிக்கும் பெருமை இல்லை. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. குழாய் மாற்றியதற்குக் கல்வெட்டு யாரும் வைப்பதில்லை.

அரசியல் ஆசை மட்டும் காரணமில்லை, கணக்கு எழுதும் முறையும் காரணம். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் போல அரசின் சொந்தக் கட்டடம் ஒன்றைப் புதிதாகக் கட்டினால் அது மூலதனச் செலவு. அதே கட்டடத்தின் ஒழுகலை அடைத்தால் அது வருவாய்ச் செலவு. நிதி ஆணையமும் பொருளாதார நிபுணர்களும் பத்திரிகைகளும் எந்த மாநிலத்தைப் பாராட்டுகிறார்கள்? மூலதனச் செலவைக் கூட்டி, வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்கிற மாநிலத்தை. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்கச் சொல்கிறது. 2025-26-இல் அந்தப் பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சம்பளத்தைக் குறைக்க முடியாது, ஓய்வூதியத்தைக் குறைக்க முடியாது, வட்டியைக் குறைக்கவே முடியாது, மானியத்தில் கைவைத்தால் தேர்தல் போய்விடும். சத்தமில்லாமல் குறைக்கக்கூடியது ஒன்றுதான். பழுதுபார்ப்பு. இந்த ஆண்டு வெட்டினால் இந்த ஆண்டு எதுவும் இடிந்து விழாது. விழும்போது நிதித்துறையில் வேறொருவர் இருப்பார்.

இந்தக் கோளாறை முன்பே கண்டவர்கள் உண்டு. சி. ரங்கராஜன் தலைமையிலான 12-ஆவது நிதி ஆணையம் 2005 முதல் 2010 வரையிலான காலத்துக்கு, சாலைகள் பாலங்களின் பராமரிப்புக்கு 15,000 கோடி, அரசுக் கட்டடங்களின் பராமரிப்புக்கு 5,000 கோடி என்று மாநிலங்களுக்குத் தனி மானியமே பரிந்துரைத்தது. மாநிலங்கள் தாமாகச் செலவிட வேண்டியதை, கையைப் பிடித்து எழுதவைக்கும் முயற்சி அது. இந்தியாவில் பராமரிப்பைப் பற்றி யாராவது எண்களோடு கவலைப்பட்ட தருணங்களில் அது முக்கியமானது. இன்று அந்தப் பேச்சே அரிதாகிவிட்டது.

கடனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2026 மார்ச் இறுதியில் தமிழ்நாட்டின் நிலுவைக் கடன் 9 லட்சத்து 29 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டும் என்பது நிதிநிலை அறிக்கையின் மதிப்பீடு. அந்த ஆண்டுக்கான வட்டி 70,754 கோடி. அதே ஆண்டில் மூலதனச் செலவு 57,231 கோடி. புதிதாகக் கட்டுவதைவிட, ஏற்கெனவே வாங்கியதற்கான வட்டி அதிகம். நகர்ப்புற ஏழைகளுக்கான வீடுகளுக்கு உலக வங்கி 2020-இல் கடன் கொடுத்தது, ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 15 கோடி டாலர் கொடுத்தது. கடன் வாங்கிக் கட்டுவதில் தப்பில்லை. மனிதர்கள் குடியிருக்க வீடு வேண்டும். ஆனால் நீண்ட காலக் கடனில் எழுப்பிய கட்டடம், கடன் தீரும் முன்பே வாழத் தகுதியற்றுப்போனால், இடித்துக் கட்ட இன்னொரு கடன் வாங்க வேண்டும். அந்த இரண்டாவது கடனையும் கட்டப்போவது இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள்.

இப்போது மாடிகளைப் பற்றி. பழைய வாரியக் குடியிருப்புகள் மூன்று மாடி, நான்கு மாடி, ஏறி இறங்கிவிடலாம். பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எட்டு மாடிக் கட்டடங்களில் இருக்கின்றன. புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் ஒன்பது மாடி. இந்த உயரத்தில் லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், தீயணைப்புக் குழாய் ஆகியவை கட்டடத்தின் உயிர்நாடி. இவை ஐந்தாம் ஆண்டிலேயே பணம் கேட்கத் தொடங்கும். தனியார் அடுக்ககங்களில் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலித்துச் சமாளிக்கிறார்கள், அங்கேயே சண்டை ஓய்வதில்லை. கூவம், அடையாறு கரையோரங்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பெயர்த்துக்கொண்டுவரப்பட்டு, வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய ஒரு குடும்பத்திடம் அந்தத் தொகையைக் கேட்டால் அது எங்கிருந்து வரும்? லிஃப்ட் நின்றுபோன நாளில் கர்ப்பிணியும் முதியவரும் எட்டாவது மாடியில் சிறைப்படுகிறார்கள். வாரியம், குடியிருப்போர் சங்கங்கள் அமைத்து, அவர்கள் திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்கு தரும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. திசை சரிதான். ஆனால் மக்கள் கொடுப்பதற்கு இணையாகத்தான் அரசு கொடுக்கும் என்றால், எங்கே ஏழ்மை அதிகமோ அங்கே அரசின் பங்கும் குறையும். லிஃப்ட்டும் மோட்டாரும் வசூல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேயும். அவற்றுக்காவது ஒரு தனி நிதி, எந்த இணைப்பங்கும் கேட்காமல், கட்டும்போதே ஒதுக்கப்பட வேண்டும்.

கே.பி. பூங்காவில் நடந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 1,920 வீடுகள், சுமார் 250 கோடி ரூபாய். 2021 ஆகஸ்டில் குடியேறியவர்கள் விரலால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு மண்ணாய்க் கொட்டியது. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு ஆய்வு நடந்தது. பூச்சின் தரம் குறைவு என்பது உறுதியானது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் குறை ஆவணங்களில் எங்கும் தெரியாமல் கடைசிவரை வந்துவிட்டது என்பதே. ஒவ்வொரு கட்ட வேலைக்கும் எம்-புக் எனும் அளவுப் பதிவேட்டில் அளவு எழுதி, சரிபார்த்து, கையெழுத்தான பிறகுதான் பில் கடக்கும். வார்க்கும் கான்கிரீட்டில் 15 சென்டிமீட்டர் கனச்சதுரங்கள் எடுத்து 28-ஆம் நாள் நசுக்கிப் பார்க்க வேண்டும். இவ்வளவு வாசல்களையும் தாண்டித்தான் அந்தப் பூச்சு சுவரேறியது. டெண்டரில் மதிப்பீட்டைவிட வெகுவாகக் குறைத்துக் கேட்பவருக்கு வேலை போனால், குறைத்த தொகை எங்கிருந்தாவது எடுக்கப்பட்டே தீரும். அது சிமெண்டிலிருந்தும் தண்ணீர் விடும் நாட்களிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

ஊர்ச் சமுதாயக் கூடங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம், உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கும். சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், ஆக 234 தொகுதிகளுக்கு 702 கோடி. கூடம், நிழற்குடை, ரேஷன் கடை என்று கட்டி, ஊராட்சியிடம் சாவி கொடுக்கப்படுகிறது. ஊராட்சிக்கு வீட்டுவரி வருமானம் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போதுவதே கஷ்டம். சாவியோடு பராமரிப்புக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை.

அவசரமாகச் சொல்ல வேண்டியது கனவு இல்லத்தைப் பற்றி. ஏனென்றால் அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் காப்பாற்றலாம். 2024-25-இல் ஒரு லட்சம் வீடுகள், 2025-26-இல் மேலும் ஒரு லட்சம், ஆண்டுக்கு 3,500 கோடி. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. வீட்டுக்கு மூன்றரை லட்சம், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். இன்று வெளியில் மேஸ்திரியிடம் பேசினால் இதைப் போல இரண்டு மடங்கு சொல்வார். சிமெண்டும் கம்பியும் அரசு விலையில் கிடைத்தாலும் மிச்சத்தைப் பயனாளிதான் போட வேண்டும். நகையை அடகு வைப்பார்கள், குழுக்கடன் வாங்குவார்கள். அதற்குமேல் முடியாதபோது வேலையில் குறைப்பார்கள். எதில் குறைப்பது என்று தெரியாததால், வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடங்களிலேயே குறைத்துவிடுவார்கள்.

அதனால் அந்த வீடு கட்டும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். தளம் போடும் அன்று கம்பி நேராகப் பலகையில் படுத்திருக்கக் கூடாது. கவர் பிளாக் வைத்துத் தூக்க வேண்டும். ஜல்லித் துண்டை முட்டுக்கொடுப்பது சரியல்ல, கான்கிரீட் கொட்டும்போது நகர்ந்துவிடும். உள்நாட்டில் தளக் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடல் வேண்டும். கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 தரவிதி 45 மில்லிமீட்டர் கேட்கிறது. தொகுப்பு வீடுகளில் இன்று தொங்கும் கம்பிகளைப் பார்த்தால் பல இடங்களில் விரற்கடை மூடல்கூட இருந்திருக்காது. தளத்தின் மேல் பாத்தி கட்டி குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள். இதற்கு ஆகும் கூடுதல் செலவு மொத்தத்தில் சில ஆயிரம் ரூபாய், கிடைக்கும் ஆயுள் பல ஆண்டுகள். இதை ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொறியாளர் தளம் போடும் நாளில் வந்து பார்க்க வேண்டும், மறுநாள் வந்து படம் எடுத்தால் போதாது. கம்பி மறைந்த பிறகு யாராலும் எதையும் பார்க்க முடியாது.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான், அது புதுமையானதும் இல்லை. எந்தப் பொதுக் கட்டடத்துக்கும் குடியிருப்புக்கும் நிர்வாக ஒப்புதல் வழங்கும் அதே ஆணையில், அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் பராமரிப்பு யார் பொறுப்பு, ஆண்டுக்கு எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில் என்று எழுதப்பட வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்தக் கட்டடத்துக்கு ஒப்புதல் தரக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உறுதித்தன்மை ஆய்வு நடந்து, அறிக்கையை அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே ஒட்ட வேண்டும். இதனால் ஆண்டுதோறும் திறக்கும் வீடுகளின் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். குறையட்டும். ஒரு லட்சம் வீடு கட்டி முப்பது ஆண்டில் இழப்பதைவிட, எண்பதாயிரம் கட்டி அறுபது ஆண்டு வைத்திருப்பது ஏழைகளுக்கும் கருவூலத்துக்கும் நல்லது.

படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் உங்கள் ஊரில் கிராமசபை கூடும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஊரில் அரசுப் பணத்தில் நிற்கும் பள்ளி, அங்கன்வாடி, தொகுப்பு வீடு, சமுதாயக் கூடம் ஒவ்வொன்றும் எந்த ஆண்டு கட்டியது, கடைசியாக எப்போது பழுதுபார்த்தது, இந்த ஆண்டு அதற்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். கம்பி போகும் வழியில் நேர்கோட்டு விரிசலும் பழுப்புக் கறையும் தெரிகிற தளத்தின் கீழே இன்றிரவு யாரையும் படுக்கவிடாதீர்கள்.